செடியும் சொல்லும் சேர்த்த இராட்லர்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறுவதைத் தமிழுலகம் நன்கறியும். அப்பெயர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் அவற்றுள் சில, இன்று எந்தச் செடியின் பூவைக் குறிக்கின்றன என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஏட்டில் பெயர் நின்றது. அப்பெயருக்கு உரிய பூவைப் பெயரோடு பிணைத்து வைக்க அக்காலத்தில் வழியில்லை. பெயரையும் பொருளையும் பிரியாமல் காக்கும் அப்பணியைக் காவிரியின் கடைமுகத்து மண்ணில் முந்தைய தலைமுறையினர் எவரும் செய்திராத அளவில் தொடங்கி வைத்த சிலருள் ஒருவர் யோவான் பீட்டர் இராட்லர் ஆவார்.

இராட்லர் 1749 ஆம் ஆண்டு சூன் திங்களில் ஐரோப்பாவின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். சமயப்பணி ஏற்று, 1776 இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620 இல் டேனியருக்கு இசைவளித்த கடற்கரைப் பட்டினம் அது. 1706 இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு காலந்தொட்டே, தமிழ் கற்பது அவ்வூர்ச் சமயத் தொண்டர்க்கு முதற்கடமையாக இருந்தது. இராட்லரும் அக்கடமையை மேற்கொண்டார். அதனோடு மற்றொரு கல்வியும் அவருக்கு அங்கே வாய்த்தது.

உயிரின வகைப்பாட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் லின்னேயசின் நேர் மாணாக்கராகிய யோவான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் மருத்துவர் 1768 இல் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். அவர் திரட்டி அனுப்பிய செடிகளால் சோழ மண்டலக் கரையின் தாவரங்கள் பல முதன்முறையாக அறிவியல் ஏட்டில் இடம்பெற்றன. நம் அடுக்களையில் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் இலத்தீன் பெயரில் இன்றும் வழங்குவது இந்தக் கோனிக்கின் பெயரே. நாம் தவசுமுருங்கை என்று அழைக்கும் மூலிகையின் அறிவியற் பெயரோ தரங்கம்பாடியையே தாங்கி நிற்கிறது. கோனிக் 1785 இல் மறைந்தார். அவர் மூட்டிய ஆர்வம் மறையவில்லை. இராட்லர், மருத்துவர் கிளைன், ஹெய்ன் முதலியோர் தம்மை ஐக்கிய சகோதரர் என அழைத்துக்கொண்டு, கிடைத்த செடிகளைப் பகிர்ந்து ஆய்ந்தனர். கலந்து பேசிப் பெயரிட்டனர். கண்டவர் யார் என்னும் உரிமை பாராட்டாமல் ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினர்.

தரங்கம்பாடிக்கு வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால். மேற்கே கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல், கிழக்கே அலைகடல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் வண்டலும் மணலும் உவரும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வரப்போரத்தில் கரிசலாங்கண்ணியும், குளக்கரையில் நீர்முள்ளியும், மணல்மேட்டில் அடும்பும், கழிமுகத்தில் உமரியும் தத்தமக்குரிய இடத்தில் தழைக்கின்றன. உழவருக்குக் களையாகவும் மருத்துவருக்கு மருந்தாகவும் புலவருக்குக் கருப்பொருளாகவும் பட்ட இவை, இராட்லருக்குப் படிக்க வேண்டிய எழுத்துகளாகத் தோன்றின.

அப்படிப்பு எளிதன்று. பூத்த கிளையை ஒடித்து, அது வாடுமுன் மகரந்தத் தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணிக் குறிக்க வேண்டும். பின்னர்த் தாள்களுக்கிடையே பரப்பி அழுத்தி, ஈரம் வற்றும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் பூஞ்சணத்தை வளர்க்கும். பூச்சிகள் எஞ்சியதை அரிக்கும். இத்தனைக்கும் தப்பிய செடி, திங்கள் கணக்கில் கப்பலில் பயணம் செய்து கரைசேர வேண்டும். இந்த உழைப்பை இராட்லர் சமயப்பணிக்கு இடையே ஓய்வின்றி ஆற்றினார். 1795-96 இல் இலங்கை சென்றபோதும் செடிகளைத் திரட்டினார்.

அவர்தம் தாவரப் பணிகளுள் தலையாயது, 1799-1800 இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று மீண்ட பயணமாகும். வழியில் கண்ட செடிகளை அவர் குறித்துச் சென்ற பதிவுகளைப் பெர்லினைச் சேர்ந்த வில்டெனோ என்னும் அறிஞர் தம் குறிப்புகளுடன் 1803 இல் வெளியிட்டார். ஆதொண்டை இனத்தைச் சேர்ந்த, வட்ட இலை கொண்ட ஒரு செடிக்கு இராட்லர் இட்ட பெயர் அந்த வெளியீட்டின் வழியாகவே அறிவுலகில் நிலைபெற்றது. பெயரை அவர் இட, விளக்கத்தைப் பிறர் எழுதி வெளியிட்ட செடிகளும் உள.

இங்கு ஒன்றை நினைத்தல் தகும். ஐரோப்பாவிற்குப் புதியனவாகத் தோன்றிய செடிகள், அவை வளர்ந்த ஊரார்க்குப் பழையனவே. இன்ன செடி இன்ன இடத்தில் முளைக்கும், இன்ன நோய்க்கு உதவும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தவர்கள் இம்மண்ணின் உழவரும் மருத்துவரும் ஆவர். இலத்தீன் பெயர்களிலோ கண்டறிந்தோர் வரிசையிலோ அவர்களுக்கு இடம் கிட்டவில்லை. அவர்தம் அறிவு தமிழ்ச் சொற்களில் மட்டுமே பொதிந்து கிடந்தது. இராட்லரின் பிற்கால வாழ்வு அச்சொற்களின்பால் திரும்பியது பொருத்தமேயாகும்.

1803 இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். பின்னர் வேப்பேரியில் பணியாற்றினார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைத் தமிழாக்கி 1819 இல் வெளியிட்டார். முதுமையில் அவர் தோள்மேல் ஏற்றுக்கொண்ட சுமை, தமிழ்-ஆங்கில அகராதி. செடியைத் திரட்டிய கை சொல்லைத் திரட்டத் தொடங்கியது. சொல்லை அதன் பொருளோடு சேர்த்து வரிசைப்படுத்தி வைக்கும் அகராதிப் பணியும், செடியை அதன் பெயரோடு சேர்த்து வைக்கும் பணியும் ஒரே பொறுமையை வேண்டுவன. அகராதியின் முதற்பகுதி 1834 இல் வெளிவந்தபோது அவர் எண்பது அகவையைக் கடந்திருந்தார். எஞ்சிய பகுதிகளை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1836 சனவரி 24 அன்று சென்னையில் காலமானார். வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் அப்பணியைத் தொடர்ந்து செப்பம் செய்ய, 1841 இல் அகராதி நிறைவெய்தியது.

அவர் திரட்டிய உலர்செடித் தொகுப்பு இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூ தாவரப் பூங்காவை அடைந்தது. அவர் பெயருக்கோ வேறுவகை முடிவு நேர்ந்தது. பட்டுக்குச் செம்மஞ்சள் நிறம் ஊட்டும் கபிலப்பொடியைத் தரும் மரத்திற்கு ராட்லெரா என்று அவர் பெயரையே இட்டுச் சிறப்பித்தனர். முந்தி வெளியான பெயரே நிலைக்கும் என்னும் விதிப்படி அம்மரம் மல்லோட்டஸ் என்னும் இனத்துள் சேர்க்கப்பட, ராட்லெரா வழக்கிழந்தது. பெயர்களைக் காப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவரின் பெயரைத் தாங்கிய மரம் அவருக்கு நிலைக்கவில்லை.

ஆனால் அவர் உழைப்பு வீண்போகவில்லை. திருச்சிராப்பள்ளியில் தமிழகத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்த அருள்தந்தை கே. எம். மத்தேயு, இராட்லரின் 1799-1800 பயணக் குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து, விளக்கங்களுடன் 1993 இல் வெளியிட்டார். எந்தச் செடி எந்த ஊரருகில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வளர்ந்தது என்பதை இன்று அறிய முடிகிறது. கடற்கரை மேடுகள் குறைந்து, கழிகள் தூர்ந்து வரும் இந்நாளில், இழந்தவை எவை என்று சொல்லவும் அப்பதிவுகளே துணை.

மலர்ப்பெயர்களைப் பாட்டில் தொடுக்கும் கவிஞர்க்கு இராட்லரின் வாழ்வு விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. பெயரை எழுதுமுன் அப்பூவை ஒருமுறை நேரில் சென்று பார்த்துவர வேண்டும். பார்த்தவர் இருக்கும் வரைதான் அது பூவின் பெயர். அதன்பின் உரையாசிரியர்கள் ஐயுற்று விவாதிக்கும் வெறுஞ்சொல்.