சுக்கிரனிற் குடியேற்றங் கண்ட ஹால்டேன்

எங்கள் ஆரணித் தறிகளுக்கு இழை தரும் பட்டுப்புழு, மனிதன் வளர்ப்பில் நெடுங்காலம் இருந்தமையால், பூச்சியான பின்னும் பறக்கமாட்டாது. இம்மாற்றத்தை மனிதன் தன்மீதே செய்துகொண்டால் என்னாகும்? இதனை எண்ணிப் பார்த்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டிற் பிறந்தார். சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த தந்தையாருக்கு இளமையிலேயே துணைநின்றார். 1939இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டனர். அடைபட்ட அறையில் மனிதனது மூச்சே அவனுக்கு எங்ஙனம் நஞ்சாகிறது என்பதை அறிய, ஹால்டேன் இரும்பறையொன்றினுள் தாமே புகுந்திருந்தார். பின்னர் நிகழ்த்திய அழுத்தச் சோதனைகளில் அவரது முதுகெலும்பும் ஊறுபட்டது. பிறரை அனுப்பிவிட்டு வெளியே நிற்பவரல்லர் அவர்.

1927இல் வெளியான அவரது கற்பனைக் கட்டுரையில், மக்கள் கடலோதத்தின் ஆற்றலை வரம்பின்றிச் செலவிட்டுப் பூமியின் அழிவைத் தேடிக்கொள்கின்றனர். ஒரு சிலரே சுக்கிரனை நாடுகின்றனர். அங்குள்ள சொற்பப் பிராணவாயுவுக்கு இசையும்படி மனித இனத்தையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்க்கின்றனர். இனம் பிழைக்கிறது, தனி மனிதனுடைய இன்பமோ பொருட்டற்றுப் போகிறது. இவ்விடத்தைப் படிக்கையில் எனக்குப் பட்டுப்பூச்சியின் பயனற்ற சிறகே நினைவுக்கு வந்தது.

1957இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியற் கழகத்திற்கு வந்த அவர், 1961இல் இந்தியக் குடிமகனானார். மறு ஆண்டு புவனேசுவரம் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் மாரினர் 2 என்னும் விண்கலம் சுக்கிரனை அணுகி, அதன் கடுவெப்பத்தைத் தெரிவித்தது. அங்குத் தரையின் வெப்பம் ஏறத்தாழ 460 பாகை. காற்றோ பெரும்பாலும் கரியமிலவாயு.

1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே, மாணவர் கற்றற்பொருட்டு, அவருடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பெற்றது.