சபையார் காசில் வளர்ந்த குரல்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1897-ல் பிறந்தவர் மரியன் ஆண்டர்சன். ஐஸும் நிலக்கரியும் விற்ற தந்தை, மரியன் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் துணி துவைத்தும் தரை துடைத்தும் மூன்று மகள்களை வளர்த்தார்.

ஆறு வயதில், கறுப்பின மக்களின் யூனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தில் சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்தார் மரியன். அங்கே இசை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாட்டில் எல்லாக் குரல்களுக்கும் உரிய பகுதிகளை அவர் மனப்பாடம் செய்துகொண்டார். யார் வராவிட்டாலும் அவர்களுக்குப் பதிலாகப் பாடுவார். ஆண்கள் பாடும் அடிக்குரல் பகுதியைக்கூட விடவில்லை.

பின்னர் ஓர் இசைப்பள்ளியில் சேரப் போனார். நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். சபையார் சும்மா இருக்கவில்லை. காணிக்கை திரட்டி, கச்சேரி நடத்தி, நல்ல ஆசிரியரிடம் படிக்க வைத்தார்கள். மரியனின் புகழைப் பேசுவோர் பலரும் இந்தச் சில்லறைக் காசை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பா கொண்டாடிய பிறகும், வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால், வெள்ளையர் மட்டுமே பாடலாம் என்று 1939-ல் அவருக்குக் கதவடைத்தது. ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். கேட்கத் திரண்டவர்கள் 75 ஆயிரம் பேர். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் பாட 1955 வரை காத்திருந்தார். அப்போது வயது 57!

1964-ல் விடைபெறும் சுற்றுப்பயணத்தை, கதவடைத்த அதே ஹாலில் பாடித்தான் தொடங்கினார். 1993-ல் மறைந்தார்.