வாங்கி வாங்கியே தோற்றவர்

செவ்ரோலே காரை நம் ரோட்டில் பார்த்திருப்பீர்கள். 2017-ஆம் ஆண்டோடு இந்தியாவில் விற்பனை நின்றுவிட்டது என்றாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் எழுதப் போவது செவ்ரோலே என்ற ரேஸ் டிரைவரைப் பற்றி அல்ல. அவரைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்து, அவர் கோபித்துக்கொண்டு போன பிறகும் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாரே, அந்த வில்லியம் டூரண்ட் பற்றி. ஜெனரல் மோட்டார்ஸை உண்டாக்கியவரும் இவர்தான்.

லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, பக்கத்துப் பட்டறையை வாங்க விலை பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இவர் கதையைப் படித்தேன். நாம வாங்காவிட்டால் வேறு ஒருத்தன் வாங்கிவிடுவான் என்பதுதான் மாமாவின் பயம். டூரண்டுக்கும் அதே பயம்தான்!

1861-இல் பாஸ்டனில் பிறந்தவர். தாத்தா மிச்சிகன் மாநில கவர்னர். இவரோ ஹைஸ்கூலைக்கூட முடிக்காமல் தாத்தாவின் மர டிப்போவில் வேலைக்குப் போய்விட்டார். 1886-இல் ஃப்ளிண்ட் நகரில் நண்பர் ஒருவரின் குதிரை வண்டியில் ஏறினார். ஸ்பிரிங் அமைப்பு அருமை, குலுக்கலே இல்லை. உடனே ரயிலேறி, அந்த வண்டி செய்கிற ஊருக்கே போய், உரிமையை 1,500 டாலருக்கு விலை பேசி முடித்தார். கையில் காசு கிடையாது, எல்லாம் பேங்க் கடன். அந்த முதல் கொள்முதல் அடிமாட்டு விலை. அதிலேயே பெரிய வண்டிக் கம்பெனியை வளர்த்துவிட்டார். ருசி கண்ட பூனை ஆகிவிட்டார் என்றுதான் சொல்லணும்.

1904-இல் ப்யூக் கார் கம்பெனி இவர் கைக்கு வந்தது. நன்றாக ஓடியது. 1908 செப்டம்பர் 16-இல் ஜெனரல் மோட்டார்ஸைப் பதிவு செய்தார். அந்தக் கம்பெனி சொந்தமாக ஒரு போல்ட்கூடச் செய்யாது. மற்ற கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதுதான் வேலை. இரண்டே ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை வாங்கிக் குவித்தார். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வருங்காலத்தில் ஜெயிக்குமோ என்று எல்மோர். கியருக்குப் பதிலாகத் தட்டும் சக்கரமும் உரசிச் சுழலும் ஃப்ரிக்‌ஷன் டிரைவ் ஜெயிக்குமோ என்று கார்ட்டர்கார். எது ஜெயிக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்! ஓல்ட்ஸ்மொபீலை வாங்கியபோது உள்ளே விற்கத்தக்க புது மாடலே இல்லை. ஒரு ப்யூக் பாடியை ரம்பத்தால் நான்காக அறுத்து, சில அங்குலம் அகலப்படுத்திப் புது மாடல் ஆக்கினார் என்று சொல்வார்கள்.

உச்சகட்டம் ஹீனி பல்பு கம்பெனி. டங்ஸ்டன் இழை பேட்டன்ட் இருக்கிறது என்று நம்பி ஏறக்குறைய 70 லட்சம் டாலர் மதிப்பு கொடுத்தார். கடைசியில் பேட்டன்ட் விண்ணப்பத்திலேயே தில்லுமுல்லு, செல்லாது என்றாகிவிட்டது. இவ்வளவு கொடுக்க எப்படி மனசு வந்தது? கொடுத்ததில் ரொக்கம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குப் பத்திரம். ரொக்கத்தை எண்ணும்போது விரல் தயங்கும், அச்சடித்த காகிதத்தை நீட்டும்போது தயங்காது. 1909-இல் ஹென்றி ஃபோர்டு தன் கம்பெனியை 80 லட்சத்துக்குத் தரச் சம்மதித்தார், ஆனால் ரொக்கம் வேண்டும் என்றார். பேங்க் கையை விரித்தது. வாங்கியிருக்க வேண்டிய ஒன்று அப்படிக் கைநழுவியது.

கேடிலாக் மட்டும் ஏன் நஷ்டமாகவில்லை என்று மாமா கேட்டார். அதற்குச் சுமார் 45 லட்சம் டாலர், அதுவும் ரொக்கம். ஆனால் வாங்கும்போதே அந்தக் கம்பெனி வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. விலை தன்னாலே திரும்பி வந்துவிட்டது. இதைக் கேட்டதும் மாமா பேசாமல் எழுந்துபோய், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதன் பிறகு அந்த விலைப்பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை!

1910-இல் கார் விற்பனை கொஞ்சம் தொய்ந்தது. அவ்வளவுதான். ப்யூக் சம்பாதித்ததெல்லாம் மற்ற கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தப் போயிருந்ததால், சரக்குக் கடனுக்குப் பணம் இல்லை. பேங்க்காரர்கள் 1 கோடியே 50 லட்சம் கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கையில் கொடுத்தது 1 கோடியே 27½ லட்சம். போதாததற்கு 60 லட்சம் மதிப்புப் பங்கும் எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் முன்வட்டி தோற்றது போங்கள்! நிர்வாகமும் ஐந்தாண்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது.

மனுஷன் சளைக்கவில்லை. 1911-இல் செவ்ரோலேயைத் தொடங்கி, அதன் பங்குகளைக் கொடுத்து ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளைச் சேர்த்து, 1916-இல் மறுபடி நாற்காலியைப் பிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஆனால் பழக்கம் போகுமா? ஃபோர்டின் டிராக்டருக்குப் போட்டியாக சாம்சன் டிராக்டர் கம்பெனியை வாங்கினார். கைவிடும்போது நஷ்டம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டாலர். 1920-இல் மந்தம் வந்ததும் 40 டாலருக்கு மேல் இருந்த பங்கு 15-க்குக் கீழே போனது. விலையைத் தாங்கிப் பிடிக்கக் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார், முழுகிப்போனார். டு பான்ட் குடும்பமும் மார்கன் பேங்கும் கடனை ஏற்றுக்கொள்ள, டூரண்ட் வெளியேறினார்.

பிறகு கம்பெனியைச் சீராக்கியவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் என்ற எலக்ட்ரிகல் எஞ்சினியர். 1916-இல் ஸ்லோனின் ரோலர் பேரிங் கம்பெனியை 1 கோடியே 35 லட்சத்துக்கு வாங்கி, அவரை உள்ளே கொண்டுவந்ததும் டூரண்ட்தான்!

1936-இல் திவால் மனு கொடுத்தார். கடன் 9 லட்சத்து 14 ஆயிரம் டாலர். சொத்து, 250 டாலர் மதிப்புள்ள துணிமணி. அப்புறமும் சும்மா இருக்கவில்லை, ஃப்ளிண்டில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தினார். 1947 மார்ச் 18-இல் நியூயார்க்கில் காலமானார். அவர் வாங்க முடியாமல் போன கம்பெனியின் முதலாளி ஹென்றி ஃபோர்டு, சரியாக 20 நாள் கழித்து ஏப்ரல் 7-இல் போய்ச் சேர்ந்தார்.