தமிழ் ஏடு காத்த சிறுப்பிட்டிப் பெரியார் சி. வை. தாமோதரம்பிள்ளை

எமது சங்கத்தின் தமிழ்ப் பாடசாலைக்கு இவ்வாண்டு ஒரு பெற்றார் தம் மகளைச் சேர்க்க வந்தனர். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கிறித்தவக் குடும்பம். பிள்ளை தமிழ் படிக்கவேண்டும். ஆனால் வகுப்புத் தொடங்குமுன் தேவாரம் பாடும்போது அவள் பேசாமல் நிற்கலாமா என்பதே அவர்கள் கேட்ட ஒரே கேள்வி. இதற்கு மறுமொழி சொல்ல நிர்வாகசபை இரண்டு கூட்டங்கள் கூடவேண்டியதாயிற்று. கோயில் பாடசாலையில் கோயில் முறைதான் என்றனர் சிலர். தமிழ் எல்லோர்க்கும் பொது என்றனர் வேறு சிலர். எம்மில் மூத்த ஒருவரோ, தேவாரம் பாடுகிற எங்கள் பிள்ளைகள் நம்பிக்கையினால் பாடுகிறார்களா, அல்லது சைவ வீட்டிற் பிறந்த பழக்கத்தினால் பாடுகிறார்களா என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார். அதற்குப்பின் சபையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இந்தக் கேள்வி எமக்குப் புதிதாக இருக்கலாம்; எமது ஊருக்குப் புதிதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்து வீடுகளில் இது இருந்துவருகிறது. அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவர்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் என்று அவரைப் படித்திருக்கிறோம். அவர் ஒரு கிறித்தவ வீட்டின் பிள்ளை என்பது எம்மிற் பலருக்குத் தெரியாது.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் சிறுப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவி. பெயர்களைப் பார்த்தால் ஒருவர் வைரவர், மற்றவர் அம்பாள். ஆனால் வைரவநாதர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறித்தவர். மகனுக்கு ஞானஸ்நானத்தில் சார்ல்ஸ் வின்ஸ்லோ என்ற பெயர் இடப்பட்டது. கடல் கடந்து பணம் அனுப்பி ஒரு பிள்ளையைப் படிப்பிக்கும் அமெரிக்கரின் பெயரையோ, மிஷனில் மதிப்புப் பெற்றவர் ஒருவரின் பெயரையோ பிள்ளைகளுக்கு வைப்பது அக்கால மிஷன் வழக்கம். சார்ல்ஸ் வின்ஸ்லோ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே கடைசி வரை அவருடைய ஆங்கிலப் பெயரின் முன் நின்றன. தமிழில் அவரே சி. வை. ஆனார், சிறுப்பிட்டி வைரவநாதர் மகன். ஒரே மனிதருக்கு இரண்டு மொழியில் இரண்டு தலையெழுத்து! இங்கே பாடசாலையில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் பாடசாலைகள் வைத்தனர். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி அக்காலத்தில் இலங்கை முழுவதிலும் பெயர்பெற்ற உயர்கல்விச்சாலை. தங்கிப் படிக்கலாம், கணிதம், வானசாத்திரம், தருக்கம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் உண்டு. படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வேதத்திற் சேர்ந்தவர்கள் ஊரில் இருந்தனர். நாவலர் பெருமான் தம் கண்டனங்களில் அவர்களைச் சும்மா விடவில்லை. அதேவேளை உள்ளத்தால் நம்பிச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுபோலவே தெரியும். இந்த வேறுபாட்டை மறந்து ஒரேயடியாகப் பேசுவது எம்மவர் பழக்கம். அது நியாயமன்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

வைரவநாதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு செய்தி போதும். மகனுக்கு முதலில் தாமே பாடம் சொன்னார். பின்பு இலக்கண இலக்கியம் படிக்க அவர் மகனை அனுப்பியது சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம். இந்தக் கவிராயர் யாரென்றால், ஞானக்கும்மி, யேசுமத பரிகாரம் என்று கிறித்தவ மதத்தைக் கண்டித்து நூல் செய்த சைவப் புலவர்! தம் சமயத்தை எதிர்த்து எழுதுகிறவரிடம் தம் மகனைத் தமிழ் படிக்க அனுப்பிய தந்தையையும், எதிர்ச் சமயத்தவர் பிள்ளை என்று தள்ளாமல் நன்னூல் சொல்லிக்கொடுத்த ஆசிரியரையும் நினைத்துப் பாருங்கள். எமது சபையில் இரண்டு கூட்டம் எடுத்த விஷயத்தை அவர்கள் ஒரு திண்ணையில் முடித்திருக்கிறார்கள்.

பின்பு தெல்லிப்பழை மிஷன் பாடசாலை. 1844இல் தம் பன்னிரண்டாம் வயதில் வட்டுக்கோட்டைச் செமினரி. எட்டு ஆண்டுகள் அங்கே படித்து 1852இல் வெளியே வந்து கோப்பாய் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் ஆசிரியரானார். செமினரியை மிஷன் 1855இல் மூடிவிட்டது. கற்றவர்களிற் பலர் அரச உத்தியோகங்களை நாடிப் போகிறார்கள், சமய ஊழியத்துக்கு வருவோர் குறைவு என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. கொடுத்த கல்வி கொடுத்தவர் நினைத்த இடத்துக்கே போய்ச்சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆசிரியராயிருந்த காலத்தில், 1854இல், பிள்ளையவர்கள் பதிப்பித்த முதல் நூல் நீதிநெறிவிளக்கம். அதைப் பாடியவர் குமரகுருபர சுவாமிகள்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போன பேர்சிவல் பாதிரியாரை நாம் அறிவோம். நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். அவரே பிள்ளையவர்களையும் சென்னைக்கு அழைத்தார். தினவர்த்தமானி என்ற பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைக் கொடுத்தார். நாவலர் பைபிள் வேலையிலே ஆண்டுக்கணக்கில் இருந்தும் ஒருநாளும் சைவம் விட்டு விலகாதவர். பிள்ளையவர்களோ விலகியிருந்த வீட்டிலே பிறந்து தாமாகத் திரும்பி வந்தவர். ஒரே பாதிரியாரின் ஆதரவில் இருந்த இருவர் இவர்கள் என்பது குறித்துக்கொள்ள வேண்டியது.

சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதல் பி. ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் அவருக்கே ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளை. குருவும் சீடனும் ஒரே பரீட்சை எழுதித் தேறிய கதை இது. அதன்பின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் வேலை, சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உயர் பதவி, 1871இல் பி. எல்., 1882இல் ஓய்வு, கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி, 1895இல் ராவ்பகதூர் பட்டம் என்று உத்தியோக வாழ்க்கை வரிசையாக உயர்ந்தது. அந்த வரிசையில் ஒன்றையும் இன்று யாரும் நினைப்பதில்லை.

சென்னை வாழ்வின்போது அவர் சைவரானார். வெறுமனே திருநீறு பூசிக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை. சைவ மகத்துவம் என்ற நூலை எழுதினார். ஏழாலையில் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வைத்தார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக இருந்தார். பிறந்த குலத்தின் பழைய சமயம் என்பதற்காக மட்டும் திரும்பியவர் இவ்வளவு செய்யவேண்டியதில்லை. சிந்தித்து, வாதிட்டு, எழுதித்தான் அவர் வந்தார். கிறித்தவராக இருந்தபோதும் அவர் தமிழர். சைவரானபின்பும் அதே தமிழர். இடையில் மாறியது நம்பிக்கை. சைவன் என்றால் தமிழன், தமிழன் என்றால் சைவன் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய எமக்கு இது சற்று இடறும்.

இனி அவர் செய்த பெருவேலை. அன்று தமிழ் நூல்களின் நிலை என்ன? பழைய நூல்கள் பனையோலையில் இருந்தன. ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. அதற்குள் யாராவது பார்த்துப் படியெடுக்காவிட்டால் செல்லும் பூச்சியும் தின்றுவிடும். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும், பூச்சி உழுது எழுத்துகள் சிதைந்து கிடப்பதையும் பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில் கண்ணீர்விடாக் குறையாக எழுதியிருக்கிறார். உத்தியோகத்திலிருந்து கொண்டே, ஊரூராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சொந்தப் பணம் போட்டு அச்சிட்டார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வந்தது. அதைப் பரிசோதித்தவர் நாவலர். 1885இல் பொருளதிகாரம் உரையுடன் அச்சாயிற்று. 1887இல் கலித்தொகை, எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சேறியது அதுதான். பொருளதிகார உரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையது என்று அவர் வெளியிட்டார். அதில் ஒரு பகுதி பேராசிரியர் உரை என்று பின்வந்த அறிஞர் காட்டினர். முதலில் காடு வெட்டுகிறவன் கையில் முள் குத்தத்தான் செய்யும்.

நாம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனித்தான் வருகிறது. திரும்பி வந்த சைவர் எந்தெந்த நூலைப் பதிப்பித்தார்? 1883இல் கச்சியப்ப முனிவரின் தணிகைப்புராணம். அது முருகன் பெருமை, வியப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1881இல், வீரசோழியம். அதைச் செய்தவர் புத்தமித்திரர் என்ற பௌத்தர். 1889இல் சூளாமணி. அது சமண காவியம். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்றவற்றைப் படித்து வாழ்நாளை வீணாக்குகிறார்களே என்று நொந்துகொண்ட சுவாமிநாத தேசிகரின் இலக்கணக்கொத்து சைவ மடங்களில் மதிக்கப்பட்ட நூல் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். புறச்சமய நூல் என்று ஒதுக்கி வைத்தால் அந்த ஏடு செல்லுக்கு இரையாகும். பிள்ளையவர்கள் சமயத்தில் சைவர். செல்லரிக்கும் ஏட்டின்முன் அவர் யார் சமயமும் பார்க்கவில்லை. சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க ஆசைப்பட்டு, கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையரிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார். ஐயரவர்கள் கொடுக்கவில்லை, 1887இல் தாமே அதை வெளியிட்டார். இந்த இழுபறியை ஐயரவர்கள் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் அறிவர். ஒரு சமண நூலுக்காக இரண்டு சிவபக்தர்கள் போட்டி போட்டார்கள்!

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் சென்னையில் காலமானார். பெரும்பாலான சைவ மலர்களில் வரலாறு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர் வீட்டுக் கதை முடியவில்லை.

1873இல் பிறந்த அவருடைய மகன் அழகசுந்தரம் கிறித்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று பெயர்கொண்டு போதகராகவும் ஆனார். பாட்டனார் கிறித்தவர், தந்தையார் சைவர், மகன் மறுபடி கிறித்தவர். பிள்ளையவர்கள் சைவத்துக்கு வந்ததைப் பெருமையாக எழுதுகிற எம்மவர் மகனைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. கிறித்தவ அன்பர்கள் எழுதினால் தந்தை மாறிய கதை சுருங்கிவிடும். தந்தைக்கு இருந்த உரிமை மகனுக்கும் இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். இது சபையிலுள்ள எல்லோருடைய கருத்தும் அல்ல. எழுத்துக்கு முன் வாசித்தபோதே இருவர் மறுத்தனர்.

அந்த மகன் செய்த வேலை என்ன? பெங்களூர் இறையியற் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, பிலிப்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாருடன் சேர்ந்து, சம்பந்தர், அப்பர், சுந்தரர், மணிவாசகர் நால்வர் பாடல்களிலும் ஒரு தொகுதியைத் தெரிந்து ஆங்கிலமாக்கினார். தமிழ்ச் சைவ அடியார்களின் பாடல்கள் என்ற பெயரில் அது 1921இல் கல்கத்தாவில் வெளிவந்தது. தந்தையார் பௌத்தரின் இலக்கணத்தைக் காப்பாற்றினார். மகனார் பாதிரியாராக இருந்துகொண்டு தேவாரத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத எங்கள் இளையவர்களுக்குப் பொருள் சொல்ல எமது சங்கத்தார் பலகாலமாகப் பயன்படுத்திவரும் ஆங்கில நூல்களில் இதுவும் ஒன்று. மொழிபெயர்த்தவர் யார் மகன் என்று நாம்கூடக் கவனிக்காமலே வாசித்திருக்கிறோம்.

மேற்சொன்ன பெற்றாருக்குச் சபை இறுதியில் எழுதிய கடிதத்தில், பிள்ளை தேவார நேரத்தில் பேசாமல் நிற்கலாம், விரும்பினால் வெளியே மண்டபத்திலும் இருக்கலாம் என்று தெரிவித்தோம். அவள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். தேவாரத்தின்போது உள்ளேதான் நிற்கிறாள்.

பிள்ளையவர்களின் பதிப்புரைகளின் படியும், மகனாரின் ஆங்கில நூலும் சங்க நூலகத்தில் உள்ளன. மகனாரின் நூலைச் சைவ அலுமாரியில் வைப்பதா, கிறித்தவ நூல்களோடு வைப்பதா என்று நூலகப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். முடிவாகும்வரை மேசையில் இருக்கிறது. விரும்புவோர் ஞாயிறு காலைப் பூசை முடிந்தபின் கேட்டுப் பெறலாம்.