அடிபட்ட இளவரசன்

ஓர் இரவு உணவுக்குப் பின் நம் விடுதி நண்பர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்னும் பழமொழியைச் சொன்ன ஒருவர், தந்தையின் பிரம்படியே தம்மை மனிதராக்கியது என்றார். மற்றொருவரோ, வீட்டில் அடிபட்டு வளர்கின்றவனே பின்னாளில் நாட்டை அடிக்கின்றான் என்றார். நான் அன்று வாய் திறக்கவில்லை. பிரஷ்யா நாட்டு மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் வாழ்க்கைதான் என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இங்கே சொல்கின்றேன்.

1712-ஆம் ஆண்டு பெர்லினில் பிறந்தவன் பிரெடெரிக். தந்தை முதலாம் பிரெடெரிக் வில்லியம் சிக்கனமும் சினமும் மிக்கவர். படைவீரர்மீது தீராத மோகம் கொண்டவர். மகனுக்கோ புல்லாங்குழலும் பிரெஞ்சு நூல்களுமே உயிர். தந்தைக்கு அது பொறுக்கவில்லை. கைத்தடியால் அடித்தார், தலைமயிரைப் பற்றி இழுத்தார். அதுவும் தனியறையில் அன்று. பிறர் பார்த்து நிற்க அடித்தார். மகள் வில்ஹெல்மினாவும் அந்தக் கைக்குத் தப்பவில்லை.

1730 ஆகஸ்டு மாதத்தில், பதினெட்டு வயது இளவரசன் நாட்டைவிட்டே ஓட முயன்று பிடிபட்டான். அவனுக்கு உடந்தையாயிருந்த நண்பன் காட்டே ஓர் இளம் படையதிகாரி. இராணுவ நீதிமன்றம் காட்டேக்கு ஆயுள் சிறையே விதித்தது. மன்னர் அதை மரண தண்டனையாக மாற்றினார். நவம்பர் 6-ஆம் நாள் கியூஸ்ட்ரின் கோட்டையில் அவன் தலை வெட்டப்பட்டது. அதைக் காணுமாறு இளவரசனைச் சாளரத்தருகே கொண்டு நிறுத்தினார்கள். நண்பனிடம் மன்னிப்புக் கேட்டுக் கதறிய அவன் மயங்கி விழுந்தான்.

அதன்பின் பணிந்தான். தந்தை காட்டிய பெண்ணை 1733-இல் மணந்தான். இட்ட வேலைகளைச் செய்தான்.

1740 மே 31-இல் தந்தை மறைந்தார். அரியணை ஏறிய சில நாட்களுக்குள்ளேயே, சித்திரவதை செய்து விசாரிக்கும் முறையைச் சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக ஒழித்தான் பிரெடெரிக். வலி அறிந்தவன் அல்லவா என்று நம் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், புதிதாகப் பட்டத்துக்கு வந்திருந்த மரியா தெரேசாவுக்குரிய சைலீசியா நாட்டுக்குள் அவன் படை நுழைந்தது. போர் போரைப் பெற்றது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படையினர் மட்டும் ஏறத்தாழ 1,80,000 பேர் மாண்டனர்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஏறத்தாழ 80,000 வீரரையும் நிறைந்த கருவூலத்தையும் சேர்த்து வைத்தவர் தந்தை. எனினும் தம் ஆட்சியின் பெரும்பகுதியில் அவர் போரைத் தவிர்த்தே வந்தார். அடித்தவர் சேர்த்த படையை அடிபட்டவன் ஏவினான்!

அப்படியானால் இரண்டாம் நண்பர் சொன்னதே சரியா? முழுதும் சரியன்று என்பேன். அதே கையால் அடிபட்ட வில்ஹெல்மினா, பைராய்ட் நகரில் இசை இயற்றினாள். இசை நாடக அரங்கம் எழுப்பினாள். அவளிடமும் ஆறாத புண் இருந்தது. ஏவுவதற்கு ஒரு பெரும்படை இல்லை. புகழாசையும், பகைவரின் வலுவின்மையும், கேட்பாரற்ற அதிகாரமும் பிரெடெரிக்கிடம் ஒன்றுகூடின. வலியவன் எளியவனுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்னும் பாடத்தை அவன் வீட்டிலேயே கற்றிருந்தான். சித்திரவதையை ஒழித்த கைதான் போரையும் தொடங்கியது. ஆகவே பட்ட அடி அவனை விளங்கிக்கொள்ள உதவும், மன்னிக்க உதவாது.

முதல் நண்பருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1786-இல் இறந்த பிரெடெரிக், சான்சூசி மாளிகைத் தோட்டத்தில் தன் நாய்களின் அருகே தன்னைப் புதைக்க வேண்டுமென விரும்பியிருந்தான். ஆனால் அடுத்து வந்த மன்னன் அவனைப் போட்ஸ்டாம் தேவாலயத்தில் தந்தையின் பக்கத்திலேயே கிடத்தினான். 1991-இல்தான் அவன் விருப்பம் நிறைவேறியது. அடித்த தந்தையை விட்டு விலக அந்த மகனுக்கு, இறந்த பிறகும் 205 ஆண்டுகள் ஆயின. அடி உதவிய அழகு இதுதான்.