குடலும் உள்ளமும் ஆராய்ந்த குன்னூர் மருத்துவர்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை மாணவர்க்குப் பாடஞ் சொல்லுந்தோறும் எனக்கு ஒரு மருத்துவரின் நினைவு வரும். வள்ளுவர் அங்கு மூலிகைகளை விரித்துரைத்தாரல்லர். உணவின் அளவையே பெரிதும் பேசினார். உணவின் தன்மையை ஆராய்ந்து அதே வழியிற் சென்றவர் சேர் றொபேட் மக்கரிசன். அவர் பணியாற்றிய குன்னூர், நம் அட்டனைப் போன்றே தேயிலை சூழ்ந்த மலையூர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம்மவர் பலர் சென்று குடியேறிய நீலகிரியில் உள்ளது.

1878இல் வட அயர்லாந்திற் பிறந்த மக்கரிசன், 1901இல் இந்திய மருத்துவச் சேவையிற் சேர்ந்தார். கில்கித் மலைநாட்டில் கழுத்துக் கழலையால் வருந்துவோரையும், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் கண்டார். ஒரே வாய்க்கால் நீரைப் பருகிய ஊர்களுள், கீழே செல்லச் செல்லக் கழலை மிகுந்தது. நீர்வழிக் குடலிற் புகும் கிருமியே காரணமென ஐயுற்று, அந்நீரின் வண்டலைத் தாமே பருகிச் சோதித்தார். அந்நோய்க்கு அயடீன் குறைவே முதற் காரணமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் குடலைவிட்டு அவர் கருத்து அகலவில்லை.

1918இல் குன்னூரில் ஓர் அறையில் அவர் ஆய்வுகூடம் தொடங்கிற்று. சத்திழந்த அரிசியை உண்ட குரங்குகளின் குடற்சுவர் மெலிந்து அழற்சியுற்றதைக் கண்டார். 1923இல் செலவுச் சுருக்கத்தால் நின்ற ஆய்வு, 1925இல் மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் எலிகளை இரு கூட்டமாக்கினார். ஒன்றுக்குச் சீக்கியர் உணவு: தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி. மற்றதற்கு ஆங்கில ஏழைமக்கள் உணவு: வெள்ளைப் பாண், மாஜரீன், ஜாம், சீனியிட்ட தேநீர். முதற்கூட்டம் நலமுடன் இணங்கி வாழ்ந்தது. மற்றதோ வளர்ச்சி குன்றி, நுரையீரலிலும் குடலிலும் நோயுற்று, பேணியவரைக் கடித்து, 60ஆம் நாளளவில் தன்னினத்து மெலிந்தவற்றையே கொன்று தின்னத் தலைப்பட்டது.

இதனை முதன்முதற் படித்த இரவில் நான் உறங்கவில்லை. சீனித் தேநீரும் வெண்மா ரொட்டியும் உண்டு வந்து, எதற்கும் சீறிவிழுந்த மாணவன் ஒருவனைப் பலமுறை கடிந்திருந்தேன். அவன் வயிற்றைப்பற்றி ஒருநாளேனும் வினவியதில்லை.

அவ்வெலிகளின் சினத்திற்குக் குடலே காரணமென மக்கரிசன் நிறுவிவிடவில்லை. 1935இல் ஓய்வுபெற்ற அவர் 1960இல் மறைந்தார். 2004இல் யப்பானிய ஆய்வாளர், குடலில் நுண்ணுயிரின்றி வளர்ந்த எலிகள் இடுக்கண் வந்துழி மிகையாகக் கலங்குவதைக் காட்டினர். காய்கறியிலும் தவிட்டிலும் உள்ள நாரை நல்ல நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து குடற்சுவரைப் பேணுகின்றன. அச்சுவர் தளரின் அழற்சி எழும். அதன் செய்தி இரத்தத்தாலும் நரம்பாலும் மூளையை எட்டும். மனச்சோர்வுற்றோர் பலரிடம் அழற்சிக் குறிகள் மிகுந்துள்ளன. எனினும் எது காரணம், எது காரியம் என்பது இன்னும் முற்றத் துணியப்படவில்லை. மனநோய்க்குக் கீரை மட்டும் மருந்தாகாது, மருத்துவர் வேண்டும்.

நம் லயங்களில் உளம் நொந்தவரைப் பேய் பிடித்தவர் என்பாரும் உளர். அவர்கள் பூசாரியை நாடுமுன் மருத்துவரை நாடுவாராக. ஆசிரியராகிய நாமோ, பிள்ளையைக் கடியுமுன், காலையில் என்ன உண்டாய் என்று கேட்போமாக.