லூசில் பால்: தாத்தாவுக்காகப் போட்ட ஒரு கையெழுத்து

குடும்பத்துடன் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் அரசியல் உண்டா? இல்லை என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொடர் கட்சி அரசியல் பக்கமே போகாதது. ஆனாலும் அதன் கதாநாயகி லூசில் பால் அம்மையாரின் வீட்டு வாசலில் அரசியல் வந்து நின்றது.

அவர் 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை டெலிபோன் லைன்மேன். லூசிக்கு மூன்று வயது இருக்கும்போதே டைபாய்டு ஜுரத்தில் காலமானார். குழந்தை பெரும்பாலும் தாய்வழித் தாத்தா ஃப்ரெட் ஹன்ட்டின் அரவணைப்பில் வளர்ந்தது. உழைப்பாளிகள் பக்கம் பேசும் சோஷலிஸ்ட் அவர். 1927இல் அவர் வீட்டுத் தோட்டத்தில் நடந்த துப்பாக்கி விபத்தில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் நடக்க முடியாமல் போனான். அதையொட்டி எழுந்த வழக்கில் தாத்தா வீட்டையே இழந்தார்.

நியூயார்க்கில் நாடகப் பள்ளியில் சேர்ந்த லூசிக்கு நடிப்பு வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடலாக வேலை பார்த்து, 1933இல் ஹாலிவுட் சென்று, பல வருடங்கள் சின்னச் சின்ன வேடங்களில் காலம் தள்ளினார். தாத்தாவையும் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்து தம்முடன் வைத்துக்கொண்டார். 1936இல் வாக்காளராகப் பதிவு செய்தபோது, தாத்தாவின் மனம் குளிர வேண்டும் என்பதற்காகக் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

1940இல் கியூபா நாட்டிலிருந்து வந்த இசைக்குழுத் தலைவர் டெசி அர்னாஸை மணந்தார். 1950 வாக்கில் சி.பி.எஸ். நிறுவனம் லூசியைத் தொலைக்காட்சிக்கு அழைத்தது. கணவராக டெசிதான் நடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அமெரிக்கப் பெண்ணுக்கு வேற்றுநாட்டு உச்சரிப்புள்ள கணவரா, ஜனங்கள் ஏற்பார்களா என்று நிறுவனத்தார் தயங்கினர். தம்பதிகள் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தி ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று காட்டிய பிறகே வழி பிறந்தது.

1951 அக்டோபர் 15 அன்று தொடர் ஆரம்பமாயிற்று. மூன்று காமிராக்களை வைத்து, ரசிகர்கள் முன்னிலையில், ஃபிலிமில் எடுத்தார்கள். அதற்கான கூடுதல் செலவை ஈடுகட்டத் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையைத் தம்பதிகள் தம் 'டெசிலு' நிறுவனத்திற்கு வாங்கிக்கொண்டனர். ஒரு தொடரை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பிப் பணம் ஈட்டலாம் என்று தொழிலுக்குக் காட்டியது இந்த ஏற்பாடுதான்.

லூசி மீண்டும் கருவுற்றபோது அதையும் கதையில் சேர்த்தனர். ஆனால் கர்ப்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று தடை. வசனங்களைப் பாதிரியாரும் யூத குருவும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தனர். 1953 ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்தது; அதே நாளில் நிஜத்திலும் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கு. மறுநாள் நடந்த ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அதே வருடம் செப்டம்பரில்தான் சோதனை வந்தது. கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற சந்தேகம் வந்தாலே ஹாலிவுட்டில் வேலை பறிபோன காலம் அது. பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழுவின் அதிகாரி 1936ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி லூசியை விசாரித்தார். தாத்தாவின் திருப்திக்காகச் செய்தது என்று அவர் விளக்கினார். விஷயம் ரேடியோவிலும் பத்திரிகைகளிலும் வெளியானது. படப்பிடிப்பு நாளன்று ரசிகர்கள் முன் டெசி வந்து, மனைவியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டுமே, அதுவும் சாயம் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். கூடியிருந்தவர்கள் கரகோஷம் செய்தனர். அவர் கட்சி உறுப்பினராக இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று குழுவின் சார்பிலும் அறிவிக்கப்பட்டது. விளம்பரதாரரும் கைவிடவில்லை. இத்தனை பெரிய ரசிகர் கூட்டம் இல்லாத எத்தனையோ கலைஞர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

1960இல் விவாகரத்து ஆயிற்று. 1962இல் டெசியின் பங்கை வாங்கி, பெரிய ஸ்டூடியோ ஒன்றைத் தனியே நிர்வகித்த பெண்மணியானார். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' தொடர்கள் அவர் தலைமையில்தான் அங்கே உருவாயின. 1967இல் நிறுவனத்தை விற்றார். 1986இல் நடித்த கடைசித் தொடர் இரண்டே மாதங்களில் நின்றுபோனது. 1989 ஏப்ரல் 26 அன்று மறைந்தார்.

இன்று பார்த்தால் அத்தொடரில் சில காட்சிகள் உறுத்துகின்றன. கணவன் மனைவியைச் சிறு பிள்ளைபோல் மடியில் கவிழ்த்து அடிப்பதை இப்போது யாரும் ரசிக்க மாட்டார்கள். கணவரின் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்யும் இடங்கள், வேறு மொழி பேசும் ஊர்களில் குடியேறி வாழும் நமக்குச் சற்றுச் சுருக்கென்று படக்கூடும். ஆனால் மிட்டாய் தொழிற்சாலையில் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் லூசி மிட்டாய்களை வாயில் திணித்துக்கொள்ளும் காட்சிக்கு வயதாகவில்லை.

கட்சியின் பெயரைச் சொல்லாமலே அத்தொடர் சில காரியங்களைச் செய்தது. வேற்றுநாட்டு மருமகனை வீட்டு மனிதராக்கியது. தாய்மையை மறைக்க வேண்டியதில்லை என்று காட்டியது. வீட்டுக்கு வெளியே ஏதேனும் சாதிக்கத் துடிக்கும் பெண்ணை வாரந்தோறும் தோற்கடித்தாலும், அடுத்த வாரம் அவளை மறுபடி முயல வைத்தது. அரசியல் என்பது இவற்றையும் சேர்த்துத்தான் என்றால், தாத்தாவுக்காகப் போட்ட கையெழுத்தைவிட லூசியின் நகைச்சுவையில்தான் அது அதிகம் இருந்தது எனலாம்.